வாயைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள்

எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் செல்வி மைக்கைப் பிடித்ததும் பெருசுகள் நாற்காலியை விட்டு எழ ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக் செட் என்னுடையது.

செல்வி எங்கள் வார்டில் நகரசபைக்கு நின்றவள். தினமும் ரயிலில் பெங்களூர் போய் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவள். தண்ணீர் எங்கே வரவில்லை, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது, எல்லாம் தெரியும். குரல்தான் கீச்சுக் குரல். அவளை எதிர்த்துப் போட்டியிட்டவனுக்குப் பாறை உருளுகிற குரல், பேச்சில் விஷயம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் பெருசுகள், ரிடயர்ட் சுரங்கத் தொழிலாளிகள், அவன் முடிக்கும்வரை அசையமாட்டார்கள். எங்கள் வார்டில் ஜெயிப்பதும் தோற்பதும் அவர்கள் கையில்.

செல்வியின் ஏஜென்ட் என்மேல் பாய்ந்தான். "இன்னா செட்டுய்யா இது? இன்னும் ஏத்து."

"ஏத்துனா விசிலடிக்கும். உன் காதுல வெச்சி ஏத்தட்டா?"

அவனே வால்யூமைத் திருப்பினான். தெரு நாயெல்லாம் ஊளையிட்டது.

முன்வரிசையில் இருந்த மாணிக்கம், சுரங்கத்தில் பாறை துளைத்த பழைய டிரில்லர், கையை ஆட்டினார். "அத நிறுத்துப்பா. பாப்பா பேசறது ஒண்ணும் விளங்கல. மைக்கு வேற வாய மறைக்குது."

செல்வி மேடையை விட்டு இறங்கி அவர் எதிரே போய் நின்றாள். "அவரு பேசினா மட்டும் விளங்குதா மாமா?"

"அவனுக்குத் தடிச்ச குரலு, காதுல விழுது. டிரில் புடிச்சிப் புடிச்சி எங்களுக்குக் கீச்சுக் குரல் கேக்கறதில்ல. என் பொண்டாட்டி திட்டறதே விழல, அது ஒண்ணுதான் லாபம். சுரங்கத்துல நாங்க வாயப் பாத்துதான் பேசிக்குவோம். கிட்ட நின்னு மெதுவாப் பேசு."

கூட்டமே சிரித்தது. நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். மைக் இல்லாமல் கூட்டமா என்று ஏஜென்ட் குதித்தான். போய் டீ குடி என்றேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஃபோகஸ் லைட்டை அவள் முகத்தில் திருப்பினேன். செல்வி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒருத்தர்கூட எழவில்லை.

"ஜெயிச்சிட்டா முதுகக் காட்டிட்டுப் போயிடுவியாம்மா?" என்றார் ஒருவர்.

"முதுகக் காட்டினா நான் பேசறது உங்களுக்கு விழாதே மாமா. மூஞ்சக் காட்டித்தான் ஆகணும்."

மாணிக்கம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு தொழிலாளிக் குடியிருப்பில் லைன் லைனாக அப்படியே போனோம். நான் லைட்டை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தேன். செல்வி ஜெயித்தாள். பெருசுகள் போட்ட ஆட்டத்தில் என் ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஒன்று உடைந்தது, அதற்குக் காசு கேட்க மனசு வரவில்லை. எல்லாம் தன் ஐடியா என்று ஏஜென்ட் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், திரியட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பீரமான குரலுக்கு ஜனங்கள் மயங்குகிறார்கள் என்று நானும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் தங்களுக்குக் கேட்ட குரலுக்கு ஓட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான். செட் கட்டுவதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள், கேட்கிறதா என்று.