சிவப்புப் பொட்டுக்கு மேலிருந்த பட்டன்

கவலைப்படுவதில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு அவனியாபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தோமா, நேற்றுப் பேசியவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று ஒரு நாளைக்கு நூறு கவலை ஓடும். இம்புட்டிலும், கவலைப்பட்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். திரையில் வரும் ஒரு சின்னப் பெட்டியில் எந்தப் பட்டன் இடது பக்கம் நிற்கும், எது வலது பக்கம் நிற்கும் என்பதை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டில் கஷ்டம் என்று சொல்லிக்கொள்வேன், அது மரியாதைக்கு. கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் கை நடுங்கும், அதைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள், அதனால் நின்றுவிட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்து, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்து ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தேன். கம்ப்யூட்டர் என் கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அலங்காநல்லூர் ரோட்டில் வயலுக்கு நடுவே ஒரு ஹேச்சரி இருக்கிறது. கோழி முட்டையை மெஷினில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடம். ஒவ்வொரு மெஷினும் ஓர் அறை அளவு, மொத்தம் ஆறு. அவற்றின் சூடு, காத்தாடி, முட்டைத் தட்டைத் திருப்பிவிடுவது எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கிற புரோகிராமை எழுதிக் கொடுத்தது நான்தான். முதலாளி என்னை 'ஒம்பதாங்கிளாஸ் எஞ்சினியரு' என்பார். வந்தவர்களிடம் எல்லாம் அப்படியே அறிமுகம் செய்வார். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கூசவும் செய்யும்.

அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் பக்கத்து ஊர் அக்கா ஒருவர், நாற்பது வயசு இருக்கும். படிப்பைப் பார்த்து அவரை வேலைக்கு எடுக்கவில்லை, கைராசியைப் பார்த்து எடுத்தார்கள். அவர்கள் ஊரில் யார் வீட்டில் கோழியை அடை வைத்தாலும் முட்டையை எடுத்து வைக்க அந்த அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை பட்டால் ஒன்றுகூடக் கூமுட்டை ஆகாது என்று பேச்சு. முதலாளியும் அதை நம்பினார். புது மெஷின் வந்தால் முதல் தட்டை அக்காதான் ஏற்ற வேண்டும்.

கரண்டு போய் வந்தால் என் புரோகிராம் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து கேட்கும். முந்தின அளவுக்கே மெஷினை ஓட்டவா? ஓகே என்றால் ஓடும். கேன்சல் என்றால் நிற்கும், கழுவுகிற நேரத்துக்காக வைத்தது அது. பட்டனில் தமிழில் போடத்தான் பார்த்தேன். அந்தப் பழைய விண்டோஸில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இங்கிலீஷிலேயே விட்டேன்.

"தம்பி, இதுல எது ஓடவிடுறது?" அக்கா கேட்டார்.

"எடது பக்கம் இருக்குல்ல, அது."

"நெதமும் அங்கனதான் இருக்குமா?"

"எங்கக்கா போகப்போகுது? அங்கனதான் இருக்கும்."

நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, திரையின் கண்ணாடியில் ஓகேவுக்கு நேர் கீழே ஒட்டினார். மறுநாள் கேன்சலுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கையிலும் ரப்பர் உறை, இடுப்பில் தட்டு, கண் பாதி மெஷின் கதவில். நின்றபடியே மவுஸை நகர்த்தி, பொட்டுக்கு மேலே ஒரு அமுக்கு.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்னக்கா, கம்ப்யூட்டருக்கு வளைகாப்பா?" என்றார்.

"வயித்துல ஆயிரக்கணக்குல சொமக்குதுல்ல, வச்சா என்னவாம்?"

நானும் சிரித்தேன். நல்ல யோசனை என்றும் சொன்னேன்.

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அப்புறம் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாசம் ஒரு தடவை வைரஸ் பிடித்தது, யாரோ பென் டிரைவில் படம் கொண்டுவந்து போட்டதில். விண்டோஸை எடுத்துவிட்டு, வைரஸ் தொல்லை குறைவான லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"மறுபடி எல்லாத்தையும் எழுதணுமாப்பா?" என்றார் முதலாளி.

"ஒரு வரி மாத்த வேணாம்ணே. எங்க தூக்கி வச்சாலும் ஓடும்."

சொன்னபடி ஓடியது. ஒரு வரியும் மாற்றவில்லை. அதுதான் வினை.

எங்கே வைத்தாலும் ஓடும் மொழி என்றால், அது எழுதியவன் மனசில் இருக்கிற பெட்டியை எல்லா இடத்திலும் அப்படியே வரைந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் பயன்படுத்திய முறையில் அது எதையும் தானாக வரையாது. கீழே இருக்கும் சிஸ்டத்திடம் கேட்டு வாங்கும். ஒரு பெட்டி குடு, ரெண்டு பட்டன் குடு என்று கேட்கும். டீக்கடையில் போய் 'ஒரு டீ' என்பது போலத்தான். கிளாஸா டம்ளரா, சீனி எம்புட்டு என்பதெல்லாம் அந்தந்தக் கடை வழக்கம். விண்டோஸ் கடையில் ஓகே இடது பக்கம், கேன்சல் வலது பக்கம். நான் மாற்றிய லினக்ஸ் கடையில் கேன்சல் இடது பக்கம், ஓகே வலது பக்கம். இரண்டும் சரிதான். இரண்டு கடைக்கும் போகிறவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியை நான் திறந்தே பார்க்கவில்லை. திறக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மெஷினுக்குக் கரண்டை நிறுத்த வேண்டும். ஆறிலும் முட்டை இருந்தது. நிறுத்தி, திரும்ப ஓடாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் கையை எடுத்துவிட்டேன். பயந்துதான் கெடுத்தேன், திமிரில் இல்லை. இதைச் சொல்வதால் தப்பு ஒன்றும் குறையப்போவதில்லை.

அக்கா புதுத் திரையைப் பார்த்து, "என்ன தம்பி, மொகம் மாறிருச்சு?" என்றார்.

"மொகந்தான்க்கா மாறிருக்கு, ஆளு அதேதான்."

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாலாம் நம்பர் மெஷினுக்கு மட்டும் பிரேக்கர் விழுந்து கரண்டு நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து தூக்கிவிட்டார். பெட்டி வந்தது. அக்கா சிவப்புப் பொட்டுக்கு மேலே அமுக்கினார். மெஷின் நின்றது.

நின்றதைத் திரையும் சொல்லவில்லை. நின்ற மெஷினின் வரிசை சாம்பல் நிறமாக மாறும், பழைய சிஸ்டத்தில் பளிச்சென்று தெரியும். புதியதில் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. நிறத்தையும் நான் சிஸ்டத்திடம்தான் கேட்டிருந்தேன். கடைசியாக இருந்த சூட்டின் எண் அப்படியே நின்றது. உள்ளே பதினெட்டாம் நாள் முட்டை. அந்த நாளில் குஞ்சுக்கே உடம்புச் சூடு உண்டு, காத்தாடி நின்றால் தன் சூட்டிலேயே வெந்துபோகும். சாயங்காலம் சூப்பர்வைசர் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். நாலாம் மெஷின் காலியாக இருந்தது. வெளியே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள், சுண்ணாம்பு மூட்டை கிடந்தது. அக்கா சுவரோரம் நின்றார்.

"பெட்டியில அந்தம்மா என்ன அமுக்குச்சுன்னு பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி.

மெஷின் காலிதானே, இப்போது பயமில்லாமல் கரண்டை நிறுத்திப் போட்டேன். பெட்டி திறந்தது. சிவப்புப் பொட்டுக்கு நேர் மேலே கேன்சல் இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றார், அவர் பொட்டை எல்லாம் கவனித்ததே இல்லை. அக்கா நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. கை நடுங்கியது, அதே பழைய நடுக்கம். பெட்டியை மூடினேன். எந்தப் பட்டன் அமுக்கப்பட்டது என்று புரோகிராம் குறித்துவைக்கும் பதிவை எடுத்துக் காட்டினேன்.

"கேன்சல்ணே. கேன்சல் அமுக்கிருக்காங்க."

பொய் இல்லை. அதுதான் கேவலம். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் அந்த வேலையைச் செய்தேன்.

"நான் எப்பவும் அமுக்குறதத்தான்ணே அமுக்குனேன்" என்றார் அக்கா. "தம்பிகிட்டயே கேளுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். இனி வர வேண்டாம் என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போனபின் கண்ணாடியில் இருந்த இரண்டு பொட்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். துடைக்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

அன்றைக்கே ரிப்பேர் கடையில் உட்கார்ந்து சரி செய்தேன். பட்டனின் இடத்தை இனி சிஸ்டத்திடம் கேட்காமல் நானே சொல்கிற மாதிரி, நாலு வரி. புது சிஸ்டத்தில் தமிழ் எழுத்து அழகாக வந்தது. 'ஓட்டு', 'நிறுத்து' என்று பெரிதாகப் போட்டேன். நின்ற மெஷினுக்குச் சிவப்பு நிறம். அக்காவுக்குப் பதில் வந்த பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. "இதுக்குத்தான் படிச்ச புள்ளைய வைக்கணுங்கிறது" என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன்.

ஏழெட்டு மாசம் போனது. கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு கேமரா மாட்டப் போயிருந்தேன். பின்பக்கம் பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் அக்கா. ஓடிவிடத்தான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"என்ன தம்பி, பாக்காத மாதிரி போற?"

சொல்லிவிட்டேன். நின்ற நிலையில், பொட்டு, இடது, வலது, நான் பார்த்தது, மூடியது, சுரண்டியது எல்லாம். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பிடிக்கா?"

"எனக்கு என் கைய தெரியாதா? நீ கீழ குனிஞ்சப்பயே தெரிஞ்சுபோச்சு."

"நாளைக்கே மொதலாளிகிட்ட போயி சொல்லிர்றேன்க்கா. மறுபடி உங்கள..."

"அங்கிட்டு இனி எவ வேலைக்குப் போவா? போயி சொன்னா ஒனக்கு மனசு பாரம் எறங்கும். எனக்கு என்ன எறங்கும்?" தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தார். "ஊருல ஒருத்தி என்னைய அடை வைக்கக் கூப்புடுறதில்ல தெரியுமா? போன மாசம் என் கொழுந்தன் பொண்டாட்டி, அடுத்த வீட்டுக்காரி, என்னையக் கூப்புடாம அவளே வைக்கிறா என் வீட்டுக்கு முன்னாடியே கோழிய. குஞ்சு கொன்ன கைன்னு பேரு. சொல்லணும்னா அங்கன வந்து சொல்லு. காலையில ஹேச்சரி வேனு வரும்ல, அதுல வேலைக்குப் போற பொம்பளைக நிப்பாளுக. அவளுக முன்னாடி சொல்லு. அவளுகதான் ஊருக்குச் சேதி."

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். வயிற்றுவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் வண்டியை எடுத்தேன்.

ஊர் முக்கில் ஆறேழு பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். அக்கா மண்டப வேலைக்குப் போகிற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றார். என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். சிஸ்டம், மொழி என்று ஆரம்பித்தது ஒருவருக்கும் ஏறவில்லை. கடைசியில், "பட்டன எடம் மாத்தி வச்சது நானு. அக்கா சரியாத்தான் அமுக்குனாங்க. தெரிஞ்சும் நான் சொல்லல" என்றேன்.

ஒருத்தி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அம்புட்டு முட்டையும் ஒன்னாலதானா?" அவள் கேட்டாள்.

"ஆமா."

"எட்டு மாசமா எங்க இருந்தீக சாமி? அடையில இருந்தீகளோ?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு குரல், "எவளோ காசு குடுத்துப் பேசச் சொல்லிருக்கா" என்றது. அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். வேன் வந்தது, ஏறினார்கள்.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். அக்காவின் பஸ்ஸும் வந்திருந்தது. அவர் ஏறிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

வேனோடு சேதியும் போயிருக்கும், நான் வீடு வந்து சேரும் முன்னாலேயே முதலாளி போனில் கூப்பிட்டார். கத்தவில்லை. என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுப் போ என்றார். அக்காவைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்குப்பா அது?" என்று வைத்துவிட்டார். அந்தப் புரோகிராம் இன்றைக்கும் அங்கே ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது என்று கேள்வி.

அக்காவை யாராவது அடை வைக்கக் கூப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் போய் அதைக் கேட்க எனக்கு முகமில்லை. இப்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.