விட்டுவிடுவதற்காகப் பிடிக்கும் மீன்

விடுதியில் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நீண்ட ஒல்லிக் கால், குறுகிய தோள், முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும் பழக்கம். வேறு பெயர் அவருக்குப் பொருந்தாது. வெளிநாட்டு விருந்தினர்களின் நாக்கிலும் அந்தப் பெயர் சிரமமில்லாமல் புரண்டது. விமானம் மாறி விமானம் ஏறி வரும் மனிதர்களை ஆற்றுக்குள் கூட்டிப்போய், மீன் எங்கே நிற்கிறது என்று காட்டுவதுதான் இருபத்திரண்டு வருடங்களாக அவருடைய வேலை.

அவர்கள் வருவதெல்லாம் அந்த மீனுக்காகத்தான். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். அதற்கு ஈ என்று பெயர். நீளக் கழியைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த ஈயைத் தண்ணீரின் மேல் பூப்போல இறக்க வேண்டும். நிஜப் பூச்சி என்று ஏமாந்து மீன் கவ்வினால் ஆட்டம் ஆரம்பம். இழுத்துக் களைக்க வைத்து, வலையில் ஏந்தி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் விடுதியின் சட்டம். "திங்கறதுக்கு இல்லேன்னா அப்புறம் எதுக்குப் பிடிக்கிறாங்க?" என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. கொக்கு சிரித்து மழுப்பிவிடுவார்.

மழுப்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. விடுதி அந்த ஆற்றைக் குத்தகைக்கு எடுத்த புதிதில், மீன் தங்கும் மடுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மேனேஜர் கேட்டார். கொக்குவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. புது வேலை, புதுச் சட்டை. ஒரு தாளை விரித்து, ஊர்க்காரர்கள் வலை போடும் பன்னிரண்டு மடுக்களையும் ஒன்றுவிடாமல் வரைந்து கொடுத்தார். அடுத்த மாதம் பன்னிரண்டு இடத்திலும் பலகை முளைத்தது: "உள்ளூர் மக்கள் இங்கே மீன் பிடிக்கக் கூடாது." காவல்காரர்களும் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது கொக்கு வரைந்த தாளின் நகல்.

அதைப் பற்றி யாரும் அவரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. அக்காகூடப் பேசவில்லை. அக்கா வீடு ஆற்றின் கீழ்த்திருப்பத்தில் இருந்தது. தம்பி வந்தால் உட்காரச் சொல்வார், பிள்ளைகளை விசாரிப்பார். ஆறு என்ற சொல் மட்டும் வாயில் வராது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் காவல்காரர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கையில் ஒரு சின்ன வலை, அதில் ஒரே ஒரு மீன், ஒரு முழம் இருக்கும். விடுதி வாசலில் நிற்க வைத்தார்கள். விருந்தினர்கள் காப்பிக் கோப்பையோடு வராந்தாவில் நின்று பார்த்தார்கள். மேனேஜர் மேசை டிராயரிலிருந்து குற்றப் பதிவேட்டை எடுத்துவந்தார். அக்கா பேனாவைத் தொடவில்லை.

மேனேஜர் கொக்குவைப் பார்த்துச் சொன்னார். "உங்க அக்காதானே? நீங்களே சொல்லுங்க. கையெழுத்துப் போட்டா போட்டோ எடுத்துட்டு விட்டுடுவோம். இல்லேன்னா போலீஸுக்குத்தான் போகணும்."

கொக்கு பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "போட்டுடு அக்கா. பெரிசாக்க வேண்டாம்."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவரைப் படம் எடுத்து, "திருட்டு மீன் பிடித்தவர்கள்" என்று தலைப்பிட்ட பலகையில் ஒட்டினார்கள். வலையைக் கொளுத்தினார்கள். அன்றைக்கும் கொக்கு வேலைக்குப் போனார். ஒரு பல் டாக்டருக்கு நான்கு மீன் காட்டினார்.

வியாழக்கிழமை அவரோடு வந்தவர் ஒரு வக்கீல். பதினோரு நாடுகளில் மீன் பிடித்தவராம். போன நாடுகளின் பேரெல்லாம் தொப்பியில் குத்தியிருந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எட்டாவது மடுவில் அவருக்கு ஒரு பெரிய மீன் மாட்டியது. நாற்பது நிமிடம் இழுத்தார். கொக்கு வலையில் ஏந்தியபோது அது ஏற்கெனவே துவண்டிருந்தது. வாயோரத்தில் பழைய கொக்கித் தழும்புகள். கொக்குவுக்கு அந்த மீனைத் தெரியும்.

வக்கீல் அதைத் தூக்கிப் பிடித்தார். கூட வந்திருந்த நண்பர் படம் எடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று இடம் மாறினார்கள். பிறகு வீடியோ.

"சார், தண்ணியில விடுங்க," என்றார் கொக்கு.

"ஒரு நிமிஷம்."

"சார், அதுக்கு மூச்சு முட்டுது."

"ஒரே ஒரு தடவை. என் பசங்களுக்குக் காட்டணும்."

மூன்றாவது தடவை கொக்கு கேட்கவில்லை, பிடுங்கினார். ஓட்டத்துக்கு எதிராக அதன் தலையைத் திருப்பி, வயிற்றுக்கு அடியில் கைகொடுத்து, குனிந்தபடியே அரைமணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். வக்கீலும் நண்பரும் சாப்பாட்டுக்கு விடுதிக்குப் போய்விட்டார்கள். செவுள் ஒருமுறை விரிந்தது. அதற்குப் பிறகு விரியவே இல்லை.

விடுதிக்கு வந்ததும் மேனேஜர் அவரைத் தனியாக அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "கொட்டகைக்குப் பின்னால புதைச்சிடுங்க. வழக்கம்போலத்தான். சார்கிட்ட நீந்திப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம், பாவம், மனசு கஷ்டப்படுவாரு."

வழக்கம்போல என்ற அந்தச் சொல்லில்தான் கொக்குவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கொட்டகைக்குப் பின்னால் அவரே எத்தனையோ குழி தோண்டியிருக்கிறார். இப்போது கை மண்வெட்டிக்குப் போகவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட மீனைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். பதிவேட்டைத் திறந்து, அக்காவின் கையெழுத்துக்கு மேலேயே மீனைக் கிடத்தினார்.

"இதுக்கும் கையெழுத்து வாங்குங்க."

"என்ன பேசறீங்க? அவரு விருந்தாளி."

"எங்கக்கா பிடிச்சது ஒரு முழம். இது ஒண்ணரை முழம். அவங்களாவது சாப்பிடப் பிடிச்சாங்க. போட்டோ எடுங்க, பலகையில ஒட்டுங்க."

சத்தம் கேட்டு வக்கீல் வந்து நின்றார். கொக்கு அவருக்குப் புரிகிற மொழியில் எல்லாவற்றையும் சொன்னார்: மீன் செத்ததை, குழிகளை, வாசலில் படமாக ஒட்டியிருக்கும் பெண் யார் என்பதை. வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் இங்க வர்றதே நிம்மதிக்காகத்தான்," என்றார்.

"எங்க ஆத்துல உங்களுக்கு நிம்மதி. எங்களுக்குப் பலகை," என்றார் கொக்கு.

மேனேஜர் வெளியே போகச் சொன்னார். தண்ணீரில் நிற்பதற்காக மார்பு வரைக்கும் போட்டிருந்த ரப்பர் கால்சட்டை விடுதியுடையது. கொக்கு அதை அங்கேயே கழற்றி நாற்காலியில் போட்டார். அரைக்கால் சட்டையோடு, மீனைத் தோளில் சாத்திக்கொண்டு, வராந்தா வழியாக நடந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தார். மீனைப் பார்த்தார். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"என்னடா, மிச்சம் மீதியக் குடுத்து விட்டாங்களா?"

"வேலைய விட்டுட்டேன் அக்கா." நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. அக்கா முழுவதும் கேட்டார்.

"ஆக, மீன் செத்ததும் உனக்குக் கோபம் வந்துடுச்சு."

"அக்கா..."

"திங்கக்கிழமை அத்தனை பேரு முன்னால நான் நின்னேன். பேனாவ நீட்டுனது யாரு? அன்னிக்கு எங்கடா போச்சு உன் கோபம்? இருபத்திரண்டு வருஷமா எங்க வெச்சிருந்த அத? அந்த மடுவெல்லாம் அவனுங்களுக்கு யாரு காட்டிக் குடுத்தா?"

அக்கா மறுபடி விறகைப் பிளக்க ஆரம்பித்தார். மீனை அவர் வாங்கவில்லை. கொக்கு அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து விடுதியின் குத்தகை முடிந்து, புதுப்பிப்பதற்கான கூட்டம் அரசு அலுவலகத்தில் நடந்தது. ஊர்க்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். விடுதியின் ஆள் எழுந்து, தாங்கள் வந்த பிறகுதான் ஆற்றில் மீன் பெருகியது, உள்ளூர்க்காரர்கள் விட்டால் அழித்துவிடுவார்கள் என்றார். கொக்கு எழுந்தார்.

"எங்க யாரு வலை போடுவாங்கன்னு வரைஞ்சு குடுத்தவன் நான்தான். அது என் தப்பு. எழுதிக்குங்க." பிறகு பன்னிரண்டு மடுக்களின் பெயரையும், எந்த வீட்டார் எங்கே வலை போட்டார்கள் என்பதையும் வரிசையாகச் சொன்னார். அப்புறம் விடுதியின் பக்கம் உட்கார்ந்திருந்த மற்ற வழிகாட்டிகளைப் பார்த்துத் திரும்பினார். "செத்த மீன் எத்தனை புதைச்சோம்னு நீங்களே சொல்லுங்கப்பா. நான் மட்டும் சொன்னா வேலை போன வயித்தெரிச்சல்னு சொல்வாங்க."

அதிகாரி பேனாவை மூடப் போனார். அப்போது விடுதியின் சமையல்காரர் எழுந்தார். "என் ஜன்னலுக்கு நேராத்தான் அந்தக் கொட்டகை. போன வருஷம் மட்டும் முப்பதுக்கு மேல," என்றார். அவருக்குப் பின்னால் வழிகாட்டிகள் இருவர் எழுந்தார்கள். மூன்றாமவர் எழுந்து, மேனேஜரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

முழு வெற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. விடுதி இருபது வருடக் குத்தகை கேட்டது, ஐந்து வருடம்தான் கிடைத்தது. கீழ்ப்பக்கத்து மூன்று மடுக்கள் ஊருக்குத் திரும்பின. பலகையிலிருந்து படங்களைக் கிழிக்கச் சொன்னார்கள். சமையல்காரருக்கு வேலை போனது. கொக்கு மணல் லாரியில் கூலிக்குப் போனார்.

முதல் நாள் வலை போட ஊரே இறங்கியது. கொக்கு கரையோரமாகத் தயங்கி நின்றார். அக்கா புது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைக் கடந்து தண்ணீருக்குள் போனார்.

"தள்ளி நில்லு. உன் நிழல் விழுது."

கொக்கு தள்ளி நின்றார்.

இரண்டு முறை வலை வீசிய பிறகு, திரும்பிப் பார்க்காமலே அக்கா கேட்டார். "மேல ஒன்பது மடு இருக்கே. அதுக்கு மனு எழுதிட்டியா?"

"பாதி எழுதியிருக்கேன்."

"பாதிய வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு நிக்கிற?"

கொக்கு வீட்டுக்கு நடந்தார்.