கிளிப்பச்சை நீச்சல் உடை

தேவ்நாரில் எங்கள் கட்டடம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் நெல் வயல் என்றால் என் மருமகள் நம்ப மாட்டாள். "பம்பாய்ல நெல்லா அத்தே? சும்மா கதை விடாதீங்க" என்று சிரிப்பாள். நெல்லேதான். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்போம். தார் ரோடு வந்ததும் காலைக் கழுவிச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். ராத்திரியில் நரி ஊளையிடும். அந்த நாட்களைப் பற்றி யாராவது 'ஆகா, என்ன பச்சை, என்ன காற்று' என்று உருக ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சேற்றுப்புண் வந்த கால் என்னுடையது, உருகுகிறவருடையது இல்லை.

ஒன்றுக்கு மட்டும் நானும் உருகுவேன். அது கிணறு. வயலுக்கு நடுவில், பெரிய கல் கிணறு. நிலமும் கிணறும் ஒரு மராட்டிக்காரருடையவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் வேலைக்கு வந்த என் அப்பா, அவருடைய வயலோரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த மராட்டிக்காரருக்கு என் வயதில் ஒரு மகள். நான் அவளைக் கிணற்றுக்காரி என்பேன், அவள் என்னை மதராஸி என்பாள். இரண்டு பேருக்கும் நல்ல பெயர்கள் உண்டு, இன்றுவரை ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாங்கள் பேசிக்கொள்வது இந்தியும் மராட்டியும் போட்டுக் கிண்டிய ஒரு பாஷை. இங்கே அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

அம்மா தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள். பெண் பிள்ளை கிணற்றில் குதிப்பதில் அவளுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. துணி துவைக்க அனுப்புவாள், நான் பாவாடை சட்டையோடு தொபுக்கடீர் என்று குதிப்பேன். பையன்களைவிட உயரத்திலிருந்து குதிப்பேன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட திமிர். கிணற்றுக்காரி மட்டும் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், காரணமும் சொல்ல மாட்டாள். நிலத்துக்காரர் மகள், நம்மோடெல்லாம் குளிப்பாளா என்று நினைத்துக்கொண்டேன். சவத்தை விடு என்று நான் பாட்டுக்குக் குதித்தேன்.

வயல் ஒரே நாளில் காணாமல் போய்விடவில்லை. முதலில் ரோட்டோரத் துண்டு ஒரு கராஜுக்குப் போயிற்று. அப்புறம் தகரக் கூரை போட்ட அறைகள் ஒரு வரிசை, அதன் முதுகில் இன்னொரு வரிசை. குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றில் இறைப்பதை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் பிள்ளையார்களைக் கரைத்தார்கள். பிறகு கொசு வருகிறது என்று சிமெண்ட் பலகை போட்டு மூடினார்கள். அதன்மேல் ரிக்‌ஷா ஸ்டாண்ட் வந்தது, ஸ்டாண்டை நம்பி வடாபாவ் வண்டி வந்தது. என் பிள்ளைகள் அதே பலகைமேல் நின்றுதான் ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். கீழே அவர்கள் அம்மா நீச்சலடித்த தண்ணீர் இருக்கிறது என்று சொன்னபோது, "எத்தனை தடவைம்மா சொல்லுவே" என்றார்கள்.

கடைசியில் பில்டர் வந்தார். அறைகளை இடித்தார்கள், எங்களை விக்ரோலியில் ஒரு வாடகை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதோ அதோ என்று இழுத்ததில் என் மகன் கல்யாணமே விக்ரோலியில்தான் நடந்தது. ஆனால் திரும்பி வந்து புது வீட்டில் குழாயைத் திறந்தேன் பாருங்கள், நாள் முழுக்கத் தண்ணீர்! வரிசை இல்லை, குடத்தை நகர்த்தினாய் என்ற சண்டை இல்லை. அன்றைக்கு நான் வேண்டுமென்றே மூன்று தடவை குளித்தேன். கிணற்றுக்காரிக்கும் அவள் அப்பா நிலத்துக்கான பங்கில் ஒரு ஃபிளாட் கிடைத்தது, என் வீட்டுக்கு நேர் கீழே. சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினால் பேச்சு ஆரம்பித்துவிடும்.

கார் நிறுத்துகிற மாடிகளுக்கு மேலே நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். கிணறு இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. எங்கள் வயதுப் பெண்கள் அந்தப் பக்கமே போனதில்லை, நம்முடையது இல்லை என்று ஒரு எண்ணம்.

போன வருஷம் கிணற்றுக்காரியின் முட்டி மக்கர் செய்தது. தண்ணீருக்குள் தினமும் நடந்து பாருங்கள், சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் அழுவாள். தண்ணீர் என்றால் அதைவிடப் பயம். "ரெண்டும் வேண்டாம், இப்படியே உக்காந்துக்கிறேன்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போவது எனக்கு உப்பில்லாக் கஞ்சி மாதிரி இருந்தது. பேரம் பேச ஆள் இல்லை, பேரம் பேசியதைப் பாராட்ட ஆள் இல்லை. இவளை எப்படியாவது தண்ணீரில் இறக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"நானும் கூட இறங்குறேன், வா" என்று முதல் நாள் நைட்டியோடு இழுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் விசில் ஊதினான். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாதாம். பில்டிங் செக்ரட்டரியைக் கூப்பிடு என்றேன். அரை நிக்கரும் காபிக் கோப்பையுமாக வந்து நின்றான், என் மகன் வயது.

"உங்க கஷ்டம் புரியுது ஆன்ட்டி. ஆனா நைட்டி நூல் ஃபில்டர்ல போய் அடைச்சுக்கும்."

"இந்தத் தண்ணி யாரு நிலத்துமேல நிக்குது தெரியுமா? இதோ நிக்கிறாளே, இவ அப்பா நிலம். இவளுக்கே ரூல் சொல்றியா நீ?"

"நிலம் யாரோடதா இருந்தாலும் ஃபில்டர் ஃபில்டர்தானே ஆன்ட்டி."

நியாயமாகப் பேசுகிறவனோடு சண்டை போடுவதுபோல எரிச்சல் உலகத்தில் வேறு கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். கிணற்றுக்காரி முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா, கடவுளே வேண்டாம்னுட்டார்" என்றாள்.

"கடவுள் இல்லட்டி, ஃபில்டர்" என்றேன்.

மறுநாளே பக்கத்துச் சீத்தா கேம்புக்கு ரிக்‌ஷா பிடித்தேன். அங்கே ராமநாதபுரத்து பாய் ஒருவர் தையல் பட்டறை வைத்திருக்கிறார், என் பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் அவர் தைத்ததுதான். நீச்சல் உடை வேண்டும் என்றதும், "பேத்திக்கா அக்கா? என்ன வயசு?" என்றார்.

"எனக்குத்தான். இன்னொருத்திக்கும் சேத்து ரெண்டு."

மனிதர் சிரிப்பார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, வாட்டர் பார்க் போற நம்ம பொம்பளைகளுக்குத் தைக்கிறதுதானே. முழுக்கை, முழுக்கால், மேல ஒரு குர்த்தா மாதிரி. ஒரு நூலு பிரியாது, நான் கேரண்டி" என்றார். அளவெடுக்க உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் டேப்பை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "அக்கா, மூச்சை இழுக்காதீங்க, அப்புறம் தண்ணிக்குள்ள போய் விட முடியாது" என்றாள். கிணற்றுக்காரிக்கு அவளுடைய பழைய ஜாக்கெட்டையும் சல்வாரையும் அளவுக்குக் கொண்டுபோயிருந்தேன். துணியில்தான் சிக்கல். தண்ணீருக்கு ஏற்ற துணியாக அவரிடம் மிச்சம் இருந்தது ஏதோ ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆர்டரில் மீந்தது. கிளிப்பச்சை, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு.

இரண்டு பேரும் அதை மாட்டிக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் நின்றோம். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த டீமுக்கு ஆடப் போறீங்க?" என்று கேட்டார். கிணற்றுக்காரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேலி எந்தப் பாஷையிலும் புரியும். "நான் போகல" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சி, மிரட்டி, கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினேன்.

குளத்தில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தான், ஒன்றும் சொல்ல வழியில்லை. கிணற்றுக்காரி படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் படாத முதல் படியில் நின்றாள். நாலடித் தண்ணீர்தான், இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் என்று எவ்வளவோ சொன்னேன். "அரே, விட்டுடேன் மதராஸி. என்னால முடியாது. கால் போனா போகட்டும்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"நான் இறங்கிக் காட்டுறேன், பாரு" என்றேன். தண்ணீருக்குள் படி வழியாக இறங்க எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். விளிம்பில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டேன்.

ஏசப்பா! கிணறு என்று நினைத்துக் குதித்தவளுக்கு உடனே தரை வந்தது. குதிகாலில் இடி விழுந்ததுபோல் வலி. அப்படியே தண்ணீருக்குள் குந்திக் காலைப் பிடித்துக்கொண்டேன். காதில் 'ஙொய்' என்று சத்தம், மேலே எங்கோ விசில். வலி கொஞ்சம் அடங்கட்டும் என்று கண்ணைத் திறந்தால், எதிரே இரண்டு கிளிப்பச்சைக் கால்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு என்னை நோக்கி வருகின்றன.

அடுத்த நொடி என் கொண்டையைப் பிடித்து மேலே தூக்கினாள். முதுகில் பட்டுப் பட்டென்று அறைந்தாள். "பாகல்! பைத்தியக்காரி! உனக்கு அறிவே கிடையாதா? அப்பவும் இப்படித்தான் பண்ணுவே, இப்பவும் இப்படித்தான்!"

"அப்பவா? எப்ப?" என்றேன் இருமிக்கொண்டே.

"கிணத்துல! அதுக்குள்ள ஆசரா இருக்கா, தண்ணிப் பேய், பொம்பளப் பிள்ளைங்க இறங்கினா இழுத்து வெச்சுக்குவானு பாபா சொல்லியிருந்தார். நீ குதிக்கிறப்பல்லாம் நான் மோட்டார் ரூம் பின்னாடி மூச்சைப் பிடிச்சிட்டு நிப்பேன். நீ தலையை வெளிய நீட்டினப்புறம்தான் விடுவேன். ஒவ்வொரு தடவையும்."

அவள் அப்பா, அந்தப் பெரிய மனிதர், எங்களிடம் பேயைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மற்றவர் வீட்டுப் பிள்ளையைப் பிடித்தால் அவருக்கென்ன! எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, செத்தவரை என்ன செய்வது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேட்டி?" என்று இவளைக் கத்தினேன்.

"சொன்னா நீ குதிக்க மாட்டியே" என்றாள். "நீ குதிக்கிறதைப் பாக்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீரா குளத்துத் தண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே தண்ணீர் அலம்ப இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

வாட்ச்மேன் விளிம்புக்கு ஓடி வந்து இன்னொரு தடவை விசில் ஊதினான். "குதிக்கக் கூடாது ஆன்ட்டி, போர்டு இருக்குல்ல? ரெண்டு பேரும் மேல வாங்க, மேல வாங்க."

கிணற்றுக்காரி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"போடா அந்தாண்ட" என்றாள். "நான் இப்பத்தான் இறங்கியிருக்கேன்."