குமராட்சிக்குப் போன ஆறு தண்ணீர் பாட்டில்கள்

மே மாத வெயிலில் குமராட்சிப் பக்கம் பாலம் கட்டுவதைப் பார்க்க யாராவது போவார்களா என்று கேட்காதீர்கள். நான் போனேன். என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா அங்கே சைட் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் முதுநகரில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் பள்ளிப் பெண்களைச் சேர்த்து ஒரு குழுவும் நடத்துகிறாள். பழைய மோட்டாரைப் பிரிப்பார்கள், அட்டையில் பாலம் கட்டுவார்கள், எங்கே என்ன படிக்கலாம் என்று பேசுவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

“நிவேதாவுக்கு சிவில்தான் வேணுமாம். அவ மாமா ஒத்துக்க மாட்டேங்கறாரு. அடுத்த வாரம் முடிவு பண்ணியாவணும். சனிக்கிழம அவரு வேன்லயே பொண்ணுங்க எல்லாரயும் சைட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வாயேன்.”

நிவேதாவின் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். குமராட்சிப் பெண்ணான அவள் முதுநகரில் தாய்மாமன் செல்வத்தின் வீட்டில் தங்கித்தான் படித்தாள். அவர் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நிவேதாவோடு ஆறு பெண்கள், ஸ்டெல்லா, நான், ஓட்டுநர் இருக்கையில் செல்வம் மாமா. போக வர வேன் வாடகை, டீசலோடு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மாமா தன் கட்சியைச் சொல்லிவிட்டார்.

“நான் படிக்க வேணான்னு சொல்லலம்மா. கம்ப்யூட்டர் எடுத்தா ஏசில ஒக்காந்து வேல பாக்கலாம். இதுல வெயிலு ஜாஸ்தி, மண்ணு ஜாஸ்தி. பொண்ணுக்கு எதுக்கு?”

நிவேதா என் பக்கத்தில்தான் இருந்தாள். “எங்க ஊருக்குப் போற சின்னப் பாலம் ஒரு பக்கமா எறங்கிக் கெடக்குக்கா. எல்லாரும் வெள்ளத்தத் திட்டறாங்க. கீழ மண்ணு எப்டி அரிச்சிச்சுன்னு யாரும் பாக்கல. எனக்கு அதப் பாக்கணும்” என்று மாமாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். எட்டு மணிக்குக் கீழ வீதிப் பக்கம் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கொத்சில் காரம் கொஞ்சம் தூக்கல். நான் இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு காபியும் குடித்தேன். பெண்கள் ஆறு பேரும் காரத்தில் உஸ் உஸ் என்றார்களே தவிர, டம்ளரைத் தொடவில்லை. வேனில் அவர்கள் பாட்டில்களும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன.

“குடிச்சா வழியில எங்கக்கா போறது?” என்றாள் நிவேதா, ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல. சாப்பிட நிறுத்தியதைத் தவிர மாமா வழியில் எங்கும் நிறுத்தவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் சாலையில் சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் ஸ்டெல்லா கட்டும் பாலம். ஸ்டெல்லா எல்லோர் தலையிலும் ஹெல்மெட்டை வைத்து, மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தினாள். நிவேதா ஒற்றைக் கண்ணை இடுக்கி அளவைப் படித்தாள், சரியாக இருந்தது. பிறகு, தண்ணீர் வேகமாக வந்தால் தூணடியில் எவ்வளவு மண் போகும், அதற்குக் கீழே அஸ்திவாரத்தை எவ்வளவு ஆழம் இறக்குவீர்கள் என்று ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அரை மணி நேரம் மண்ணைப் பற்றியே பேசினார்கள். மாமா இதில் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். வெட்டவெளி, ஒரு புதர்கூட இல்லை.

“ஏம்மா ஸ்டெல்லா, தப்பா எடுத்துக்காத. நாள் பூரா இங்க நிக்கிற. ஒதுங்கணும்னா எங்க போவ?”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா முகம் மாறவில்லை.

“மொதல்ல வேல பாத்த சைட்ல எங்கயும் போவல மாமா. தண்ணியே குடிக்காம இருந்தேன். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில படுத்தேன். இங்க வந்தப்ப சைட் ஆபீசுக்கு டிராயிங் போடச் சொன்னாங்க. மொதக் கோடு இதுக்குத்தான் போட்டேன், வாங்க.”

தகர ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு கழிவறைகள். தண்ணீர்த் தொட்டி, மூடி போட்ட குப்பைக் கூடை, உள்ளே விளக்கு. சித்தாள் வேலைக்கு வந்த பெண்களும் அங்கேதான் போய்வந்தார்கள். மாமா ஒரு கதவைத் திறந்து, உள்தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு வேன் பக்கம் நடந்துவிட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அப்புறம்தான் பாட்டில்கள் திறந்தன. ஆறும் காலியாகி, ஆபீஸ் கேனிலிருந்து மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. நான் பார்த்த கோபுரங்கள், அருவிகள் எதையும்விட அது எனக்குச் சந்தோஷமான காட்சி.

திரும்பும்போது சிதம்பரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் மாமா தானாகவே வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சுத்தமாத்தான் இருக்கு. போவணுங்கறவங்க போய்ட்டு வாங்க, நான் நிக்கிறேன்” என்றார். பிறகு கண்ணாடியில் நிவேதாவைப் பார்த்தார்.

“சிவிலே போடு. ஆனா எந்த சைட்டுக்குப் போனாலும் மொதக் கோடு எதுக்குன்னு தெரியுமில்ல?”

“தெரியும் மாமா.” அவள் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்களும் பெண்களைக் கூட்டிக்கொண்டு இப்படிப் போவதாக இருந்தால், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, அதற்குள் சைட்டைப் பார்த்து முடித்துவிடுங்கள். சைட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மூடிய செருப்பு போடச் சொல்லுங்கள். மறுக்கிற மாமா இருந்தால் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், அவர் மனதில் இருக்கும் கேள்வி நீங்கள் நினைப்பதாக இருக்காது. வழியில் எங்கெங்கே நிறுத்துவீர்கள் என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே பெண்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் தண்ணீர் குடிக்கட்டும்.