தொத்தோரேயின் லீவர் துவக்கு

துவக்குகளில் எனக்கு ஆசை இருந்ததில்லை. என் வயதுக்காரர் பலர் அதைத் தூக்கிக்கொண்டு போன நாட்களில் நான் வேலி பாய்ந்து ஓடியவன். ஆமிக்காரன் வைத்திருந்தாலும் சரி, எங்கள் பெடியள் வைத்திருந்தாலும் சரி, அதன் வாய் என் பக்கம் திரும்பினால் எனக்குப் பயம்தான். அப்படிப்பட்டவனுக்கு இத்தாலியில், பலெர்மோவில் போய் ஒரு துவக்கு பிடித்துப்போனதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அது தொத்தோரேயின் துவக்கு. படித்த முகம் உள்ள எவரையும் பலெர்மோவில் தொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் உண்மையிலேயே பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் மிலானில். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியே இருந்தார். காலையில் நான் அறை எடுத்திருந்த சீசாப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து வந்து அவருக்குக் கோப்பி போடுவதில் தொடங்கி, பின்னேரம் சட்டைகளை அயன் பண்ணி அடுக்குவது வரை என் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் சனத்தில் பாதிப்பேர் இப்படி யாரோ ஒருவருடைய சட்டையை மடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

என் மனைவி அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். கலியாணம் முடித்துச் சில மாதங்கள்தான் சேர்ந்திருந்தோம். அவளை முறைப்படி கூப்பிடுவதென்றால் எனக்கு நிலையான வேலை இருக்க வேண்டும், பொலிசில் என் பேரில் ஒரு கறையும் இருக்கக்கூடாது. வேலையைத் தொத்தோரே தந்திருந்தார். கறை படாமல் நடப்பது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கக்கூட மாட்டேன். பலெர்மோவில் அப்படி நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவருடைய வாசிப்பறையில் ஓர் இரும்பு அலுமாரி. அதற்குள் நாலைந்து துவக்குகள். மற்றவற்றை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. லீவர் துவக்கு ஒன்றுதான் அவருக்குப் பிள்ளை. அமெரிக்கச் சாமான். விசைக்குக் கீழே விரல்களை நுழைக்கிற மாதிரி ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட ரவையின் கோது மேலே துள்ளி விழும். திரும்ப மேலே இழுத்தால் அடுத்த ரவை உள்ளே போய் உட்காரும். தள்ளும்போது ஒரு சத்தம், இழுக்கும்போது வேறொரு சத்தம். நல்ல பூட்டு ஒன்று திறந்து மூடுகிற மாதிரி இருக்கும்.

வால்நட் மரத்தில் செய்த பிடி. மினுக்கப்பட்ட இரும்பு. பக்கவாட்டில் ஒன்றும் துருத்திக்கொண்டு நிற்காது. நடுவில் ஒரு கையால் பிடித்தால் முன்னுக்கும் சாயாது, பின்னுக்கும் சாயாது. பின்பக்கம் சுத்தியல் வெளியே தெரியும். அது எழும்பி நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று பார்த்தாலே துவக்கு வெடிக்கத் தயாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ரவைகள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். அதனால் அவற்றின் மூக்கு தட்டை. கூராக இருந்தால் முன்னால் கிடக்கிறவரின் பிட்டத்தில் குத்தி உள்ளேயே வெடித்துவிடுமாம். முப்பது-முப்பது என்று அந்த ரவைக்குப் பெயர். நூறு வருசப் பழசு. இதையெல்லாம் தொத்தோரே எனக்குச் சொல்லித் தந்தார், நான் கேட்காமலேயே.

வேட்டைக்குப் போய்வந்த மறுநாள் அதைத் துடைப்பது என் வேலையாகிவிட்டது. ரவைகளை எடுத்து லாச்சியில் பூட்டிவிட்டு, துவக்கை மேசையில் பழைய துவாய் விரித்து வைப்பார். இரும்புக்கு ஓர் எண்ணெய், மரத்துக்கு இன்னோர் எண்ணெய். நான் துடைப்பேன், அவர் சாய்கதிரையில் இருந்து கதைப்பார். அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் தூரக்கண்ணாடி பூட்டிய புதுத் துவக்குகளுக்கு மாறிவிட்டார்கள். அரைக் கிலோமீற்றர் தள்ளி நின்று பன்றியைச் சுடுகிறார்களாம். அது வேட்டை இல்லை, கொலை என்பார். லீவர் துவக்குக்கு நூறு, நூற்றைம்பது மீற்றர்தான். அதுவரை நடக்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும், பன்றிக்கு மணந்துவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். மிருகத்துக்கும் ஒரு நியாயம் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது கண் கலங்கும். பன்றிக்கு நியாயம் பார்க்கிற மனிதர், எங்களுக்குப் பார்க்காமலா விடுவார் என்று நான் நம்பினேன்.

வன்னிப் பக்கம் இடியன் துவக்கால் பன்றி சுடுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். வாய்ப்பக்கத்தால் மருந்து இடித்து, ஒரு வெடி வைத்து, அது தவறினால் மரத்தில் ஏற வேண்டியதுதான். இதைச் சொன்னபோது தொத்தோரேக்குப் பெரிய சந்தோசம். நீயும் வேட்டைக்கார இனம்தான் என்றார். இல்லை, நான் மரத்தில் ஏறுகிற இனம் என்று சொல்ல எனக்கு அப்போது இத்தாலியன் போதவில்லை.

சீசாவில் என்னோடு அறையில் இருந்த அண்ணை ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை வந்து அதுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறாய் தம்பி" என்றார். சிரித்துச் சமாளித்தேன். வடிவான சாமான் அண்ணை, ஒருக்கால் கண்டால் நீங்களும் விடமாட்டியள் என்றும் சொன்னேன். அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

அந்தக் கார்த்திகையில் தொத்தோரே என்னையும் மதோனியே மலைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு முழங்கால் நோவு. சாப்பாட்டுப் பையையும் போர்வையையும் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூட்டாளிகள் வேறு வேறு இடங்களில் நிற்க, நாங்கள் இருவரும் ஒரு கல்மதில் ஓரமாக நடந்தோம். அதைத் தாண்ட வேண்டிய இடத்தில் அவர் லீவரைத் திறந்து ரவைகளை எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, துவக்கை என்னிடம் நீட்டினார். மதில் ஏறும்போது துவக்கைப் பக்கத்தில் நிற்கிறவனிடம் கொடுப்பது வேட்டைக்காரர் முறையாம். பக்கத்தில் நான்தான் நின்றேன். அவர் ஏறி அந்தப் பக்கம் இறங்கியவர், வாங்க மறந்து, ஒன்றுக்கிருக்கப் பற்றைக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல குளிர், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்கும் பயப்படாத ஆளாக நிற்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் கண்டேன்.

அப்போது மலைப்பாதை வளைவில் ஒரு ஜீப் வந்தது. பச்சைச் சீருடையில் இரண்டு காட்டுக் காவலர். லைசன்ஸ் பார்க்கிறவர்கள், வேட்டைக்காலத்தில் வழமையாக வருகிறவர்கள். ஒருவர் சிரித்தபடி கையைத் தூக்கிக் காலை வணக்கம்கூடச் சொன்னார். என் கண்ணுக்குச் சீருடையும் ஜீப்பும்தான் தெரிந்தன. துவக்கை நிலத்தில் எறிந்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி முழங்காலில் இருந்து, பிறகு குப்புறப் படுத்துப் பிடரியில் கை கோத்துக்கொண்டேன். சுற்றிவளைப்புகளில் பழகின உடம்பு, என்னைக் கேட்காமல் தானே செய்தது. எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் உயிர் தப்பும். மதோனியேயில் அப்படிச் செய்கிறவன் கள்ளன்.

அவர்களுடைய சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் என் முதுகில் கையை வைத்து அழுத்தினார். மற்றவர் துவக்கை எடுத்தார். யாருடையது என்று கேட்டார். பற்றைக்குப் பின்னாலிருந்து தொத்தோரே காற்சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். லைசன்ஸ் இல்லாதவன் கையில் துவக்கைக் கொடுத்தால் கொடுத்தவருடைய லைசன்ஸும் போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவருக்கு அப்போதே தெரியும்.

"கேட்காமல் எடுத்துவிட்டான்" என்றார். பிறகு குரலை மென்மையாக்கி, கெட்டவன் இல்லை, குழந்தைப்பிள்ளை மாதிரி, கண்டதும் ஆசைப்பட்டுவிட்டான் என்றும் சொன்னார். படுத்துக்கிடந்தபடியே அதைக் கேட்டேன். குழந்தைப்பிள்ளை என்ற அந்தச் சொல்தான் பொய்யைவிடக் கூடுதலாகச் சுட்டது.

என் பேரில் வழக்குப் பதிந்தார்கள். அவருக்குக் கவனக்குறைவு என்று சிறு தண்டம். துவக்கு சில மாதத்தில் வீடு வந்து அலுமாரிக்குள் ஏறியது. என் மனைவியின் விண்ணப்பம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, எழுதியிருந்ததை வாசித்தார்கள்.

தொத்தோரேயிடம் ஒருநாள் கேட்டேன். நீங்கள்தான் தந்தது என்று போய்ச் சொன்னால் வழக்கு அன்றோடு முடியும், என் மனைவி வருவாள் என்றேன். "எனக்கு மனைவியும் இல்லை, மகளும் பக்கத்தில் இல்லை. அந்தத் துவக்கும் போனால் நான் எதற்கு இருக்கிறது?" என்றார். உன்னிடம் எனக்குக் கோபமில்லை, உன்னை வேலையை விட்டும் அனுப்பவில்லையே, உன் மனைவி எப்படியும் ஒருநாள் வரத்தானே போகிறாள் என்றார். அவருடைய தராசில் ஒரு தட்டில் துவக்கு, மறு தட்டில் என் மனைவி. எது தாழ்ந்தது என்று அவரே சொல்லிவிட்டார். நான் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளி வெட்டினேன். அந்த வேலையை விட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் போகும், அவளைக் கூப்பிடுகிற வழியும் அடைபடும். வயிறெரிய எரியச் சமைத்தேன். உப்புக்கூடக் குறைத்துப் போடவில்லை.

இதைவிடக் கொடுமை, அவளுக்கு என்னால் காரணம் சொல்ல முடியாமல் இருந்தது. யார் ஒட்டுக்கேட்பது என்று தெரியாத கொழும்பு லொட்ஜின் டெலிபோனில் துவக்கு என்ற சொல்லைச் சொல்ல முடியுமா? இந்தப் பக்கம் நான் வாய் தவறினால் அந்தப் பக்கம் பின்னேரமே பொலிஸ் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். கடிதத்தையும் நம்ப முடியாது. பேப்பரில் ஒரு சிக்கல், பேப்பரில் ஒரு சிக்கல் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வருசம் நம்பினாள். இரண்டாம் வருசம் ஒருநாள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அங்கை ஆரும் இருக்கினமோ? இருந்தால் சொல்லிப்போடுங்கோ. நான் வாடகை குடுத்துக்கொண்டு இஞ்சை கிடவாமல் ஊருக்குப் போறன்."

அந்த நேரம் சண்டை நடக்கிற ஊருக்குப் போவதென்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்படி ஒருத்தரும் இல்லை என்று சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணுகிற குரலே பொய்யாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் டெலிபோனில் சுகம் மட்டும் விசாரித்தாள்.

வழக்கு கடைசியில் இழுபட்டு இழுபட்டு ஒன்றுமில்லாமல் போனது. மூன்றாம் வருசம் முடிகிற நேரம் அவள் வந்தாள். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் சிரித்தாள், ஆனால் முன்னம் சிரித்த சிரிப்பு இல்லை. முகம் வற்றியிருந்தது. ஒரேத்தோத் தெருவில் எடுத்திருந்த சின்ன வீட்டுக்குள் வந்ததும் அலுமாரியைத் திறந்து பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள். பெண்பிள்ளைச் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று தேடுகிறாள் என்று எனக்கு விளங்கியது. அன்றிரவே சொல்லியிருக்கலாம். வந்த களைப்போடு இருக்கிறாள், நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். அதற்குள் தொத்தோரே எங்களை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அவளுக்கென்று இறைச்சி போடாமல் பாஸ்தா செய்யச் சொன்னது அவர், செய்தது நான்தான். மூவரும் ஒரே மேசையில் இருந்தோம். தொத்தோரே வைன் குடித்து, அவளுடைய சேலையைப் புகழ்ந்து, உன் புருசன் எனக்கு மகன் மாதிரி என்றார். பிறகு எழும்பி வாசிப்பறைக்குப் போனார். இரும்பு அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. லீவரைத் திறந்தபடி துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவள் கதிரையைப் பின்னுக்கு இழுத்தாள், மேசைக்குக் கீழே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கதையைத் தொடங்கினார். எத்தனையோ விருந்தாளிகளுக்குச் சொல்லித் தேய்ந்த கதை. மலை, பனிமூட்டம், ஜீப். நான் கையைத் தூக்கியதை நடித்துக் காட்டினார். குப்புறப் படுத்ததை, துவக்கைக் கதிரையில் சாய்த்துவிட்டு மேசையில் கவிழ்ந்து காட்டினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்து, அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லு, அவளும் சிரிக்கட்டும் என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"துவக்கை எனக்குத் தந்தது தான்தான் எண்டு சொன்னால் இது பறிபோயிடும் எண்டு, நான் கேளாமல் எடுத்தனான் எண்டு பொலிசுக்குச் சொன்னவர். அதாலைதான் நீர் மூண்டு வரியம் அந்த லொட்ஜிலை கிடந்தனீர்" என்றேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னேன், தொத்தோரே பார்த்துக்கொண்டிருந்தபடியால்.

அவள் என் சட்டைக் கையை விட்டாள். கதிரையில் சாய்ந்திருந்த துவக்கை, மரத்திலிருந்து வாய் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"இதுக்கோ?" என்றாள்.

தொத்தோரே ஆவலாக என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மிகவும் வடிவாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அவர் பூரித்துப்போனார். தொட்டுப் பார்க்கச் சொல்லு என்று துவக்கை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.