மொட்டைமாடிப் பூசணிப் பூ

பூசணிப் பூவில் பஜ்ஜி போடலாம் என்று எனக்குத் தெரியவந்ததற்குக் காரணம் என்னுடைய கெட்ட எண்ணம்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, நைனா நெட்டுக்குப்பத்திலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். திருவொற்றியூரில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தோம்.

சித்தி கொண்டுவந்த சீர்வரிசையில் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டிகள் நான்கும் சேர்த்தி. அவற்றில் மண் நிரப்பி, மொட்டைமாடியில் வைத்துப் பூசணி விதை ஊன்றினாள். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். துறைமுகத்திலிருந்து பறந்துவரும் கரி இலைகளில் படிந்தால் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கொடி துணி காயும் கம்பிவரை ஏறிவிட்டது.

எங்கள் பக்கம் தேனீ வருவது அபூர்வம். அதனால் பூ விட்டதும் அவளே விடியற்காலையில் போய், காய் பிடிக்கப் பூவோடு பூவை ஒற்றிவிட்டு வருவாள். துறைமுகத்தில் வேலை பார்த்த நைனாவும் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் கூடப் போவார். "பொங்கலுக்கு நம்ம வூட்டுப் பூசணிதான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாள் மாடியிலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா போன பிறகு நான் கேட்டிராத சிரிப்பு. படிக்கட்டில் நின்றிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் எழுவதற்கு முன்பே மாடிக்குப் போய், ஒன்று விடாமல் எல்லாப் பூவையும் பறித்துப் பாவாடையில் போட்டுக்கொண்டேன். கைப்பிடிச் சுவருக்கு வெளியே கொட்டப் போகையில் பின்னால் வாளி வைக்கும் சத்தம். சித்தி கொடியைப் பார்த்தாள். என் பாவாடையைப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, எனக்கு மின்னாடியே எய்ந்து வந்துட்டியா? இன்னிக்கு பஜ்ஜி போடலாம்னு நானே நென்ச்சிகினு இருந்தேன். குடு, வாடறதுக்குள்ள போட்டுடலாம்."

சமையலறையில் பூக்களை இரண்டாகப் பிரித்தாள். வெறும் காம்போடு இருந்தவை ஒரு பக்கம். அடியில் கோலிகுண்டு அளவு பிஞ்சு வைத்தவை இன்னொரு பக்கம். ஒரு பிஞ்சை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாப் பிஞ்சையும் கிள்ளி எடுத்து, நறுக்கிச் சாம்பாரில் போட்டாள். பூக்களின் நடுத்தண்டை நீக்கி, கடலை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள்.

தட்டைப் பார்த்து நைனா திகைத்தார். "இன்னாது, அல்லாத்தையும் பறிச்சிட்டியா?"

"உன் பொண்ணுதான் பறிச்சிகினு வந்துச்சு. ஒரு பூகூட கிய்யல பாரேன்."

நைனா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அதுவரை சித்தி வைத்த குழம்பைத் தொடாமல், மோர் சோறு மட்டும் தின்று வீம்பு பிடித்தவள் நான். அன்றைக்கு வீம்பு எண்ணெய் வாசனைக்குத் தோற்றது. மொறுமொறுப்புக்கு உள்ளே பூ இருப்பதே தெரியாமல் கரைந்தது. எத்தனை தின்றேன் என்று நினைவில்லை.

"உப்பு கரெக்டா கீதா பாப்பா?"

"கீது" என்றேன். அவளுக்கு நான் சொன்ன முதல் பதில் அதுதான்.

இப்போது மாத்தூரில் என் வீட்டு மாடியிலும் பூசணிக் கொடி இருக்கிறது. சித்தி வரும்போதெல்லாம் பஜ்ஜிதான். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒரு நாளாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். அதற்குப் பதில் இன்னும் இரண்டு பஜ்ஜியை எடுத்து அவள் தட்டில் வைப்பேன்.

நான் பூப் பறித்த அந்த வருடம் ஐப்பசி மழையில் கொடி அழுகிப்போனது. பொங்கலுக்குப் பூசணியைக் கடையில்தான் வாங்கினோம். "அவ்ளோ பூ வுட்டுச்சே, ஒரு காய்கூட தேறலியே" என்று நைனா மாய்ந்துபோனார்.

"இந்த உப்புத் தண்ணிக்கு இன்னா காய்க்கும்? அட்த்த வாட்டி பாத்துக்கலாம்" என்றாள் சித்தி, என் பக்கம் திரும்பாமலே.

இத்தனை நடந்தும் எதையும் கண்டுபிடிக்கத் தெரியாத ஓர் அப்பாவியையா நைனா கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று, அன்றைக்கு நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.