இரட்டை முகச் சக்கரவர்த்தி

டங், டங். டங், டொங்!

புளித்த காடியில், காசாக அடிக்கவேண்டிய தங்க வில்லைகளைக் கழுவிக்கொண்டிருந்த அந்தூசாவின் கை அப்படியே நின்றது. தங்கசாலையின் அடுத்த அறையில் காசு அடிப்பவர்கள் இருவர். மேலச்சைப் பிடிப்பவன் அவள் அண்ணன் மோஸ்கோஸ். சம்மட்டி போடுபவன் நிகேதாஸ். அவன் போடும் ஒவ்வோர் அடியும் நெடுநாளாக அவள் நெஞ்சிலும்தான் விழுந்துகொண்டிருந்தது.

கிண்ணக் காசுக்கு இரண்டு அடி. குமிழ்போன்ற மேலச்சை ஒரு பக்கம் சாய்த்து அடித்தால் சக்கரவர்த்தியின் பாதி உருவம் விழும். மறுபக்கம் சாய்த்து அடித்தால் மீதி. வில்லையும் குழிந்து கிண்ணமாகிவிடும். ஆனால் அந்த ‘டொங்’ நல்ல சத்தமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். காசில் சக்கரவர்த்திக்கு இரண்டு முகம்!

“என்னண்ணே இது?”

“இந்தத் தடியன் அடிக்கிற நேரமாப் பாத்து ‘மச்சான்’னு கூப்பிட்டான். திரும்பினேன், அச்சு நகந்துடுச்சு.”

“வேற எப்படிக் கூப்பிடறதாம்?” நிகேதாஸ் இளித்தான்.

“பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்! இவளை உனக்குக் குடுத்துட்டு நான் யார் கையால சாப்பிடறது?”

அதுதான் விஷயம். அவள் சமைக்கும் உப்புமீன் கூட்டுக்காகவே தங்கைக்கு முப்பது வயதாகியும் கட்டிக்கொடுக்காத அண்ணன்! அவள் தலையணை எத்தனை முறை நனைந்ததோ, அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

வாசலில் செருப்புச் சத்தம். அரண்மனை மேற்பார்வையாளர்! காசில் சக்கரவர்த்திக்கு மூக்கு கோணிப்போனதற்கே ஒருவன் முதுகைச் சாட்டையால் உரித்தவர்.

அந்தூசா இரட்டை முகக் காசைப் பறித்து, கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கியிருந்த காசுகளின் மேல் வைத்தாள். அதற்குள் நல்ல காசு ஒன்றைப் பொருத்தி மூடினாள். அடுக்கைக் கையில் ஏந்திக்கொண்டு அண்ணனின் காதோரம் குனிந்தாள்.

“கல்யாணத்துக்குச் சரிங்கிறியா? இல்ல, மேல இருக்கிறத எடுத்துடட்டுமா?”

“அடிப்பாவி! என்கூடப் பொறந்தவதானா நீ?”

“எனக்கும்ல அடி விழும்?” நிகேதாஸ் முனகினான்.

“எனக்காக வாங்கிக்கோங்க.”

“அங்க என்ன குசுகுசுப்பு?” மேற்பார்வையாளர் நெருங்கினார்.

மோஸ்கோஸின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. “கல்யாணப் பேச்சுங்க, ஐயா. தங்கச்சியை இவனுக்கு… இவருக்குக் குடுக்கிறேன்.”

“நல்லது. எப்போ?”

“திராட்சை அறுப்பெல்லாம் முடிஞ்சு, அப்புறமா…”

அந்தூசாவின் விரல் மேல் காசை மெல்லத் தூக்கியது.

“இந்த ஞாயித்துக்கிழமைங்க!” மோஸ்கோஸ் அலறினான்.

மேற்பார்வையாளர் அந்த மேல் காசையே எடுத்தார். அந்தூசாவின் உள்ளங்கை அடுத்த காசின் மேல் குடையாய்க் கவிந்தது. அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் உயிர் அந்தக் கிண்ணத்தில் ததும்பியது.

“அழகான அச்சு,” என்று திருப்பிக் கொடுத்தார். “சாட்சிக்கு நானே வரேன். பேச்சு மாறினா தோலை உரிச்சுடுவேன்.”

அவர் முதுகைக் காட்டியதும் அந்தூசாவின் கையிலிருந்து இரட்டை முகச் சக்கரவர்த்தி தங்கம் உருக்கும் மூசைக்குள் குதித்தார்.

வாசலில் மேற்பார்வையாளர் திரும்பினார். “விருந்துக்கு உப்புமீன் கூட்டு உண்டில்ல?”

“மச்சான் வீட்டுல அதுக்கென்னங்க குறைச்சல்!” என்றான் நிகேதாஸ்.

மோஸ்கோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அவர் போனார். அந்தூசா தன் கையாலேயே கதவைச் சாத்தினாள்.